புது பிக்கப்பில் ஏ.டி. டயர்: ஒரு கிழக்கேகோட்டைக்காரனின் கணக்கு

திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளத்தில் டயர் என்பது தேயத் தேய ஓட்டி, ரீட்ரெட் செய்து, மறுபடியும் தேய்த்து, கடைசியில் யார் வீட்டுத் தோட்டத்திலோ போய்ச் சேரும் பொருள். அங்கே கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்துவிட்டு, ஷோரூமிலிருந்து வந்த வண்டியின் டயரை ஓரத்து ரப்பர் மீசைகூட உதிராத நிலையில் கழற்றப் போகிறேன் என்று சொன்னால் என்ன மரியாதை கிடைக்கும்? "கிறுக்காலே உனக்கு?" என்றார் சித்தப்பா. "நல்லாயிருக்க டயரக் கழட்டிட்டு நல்லாயிருக்க டயர் மாட்டவா? காசு ரொம்பக் கெடக்கோ?"

கேள்வி நியாயமானது. கடையில் அவருக்கு விளக்கம் சொல்லப் போனால் நடுவில் இரண்டு வெங்காய லாரி வந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். புது பிக்கப் வாங்கி இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

இந்த ஊரில் பிக்கப் என்றால் பார வண்டி. 1988-ல் டாட்டாமொபைல் 206 வந்தது, பிறகு 207, பொலேரோ கேம்பர், 2005-ல் ஏஸ். பழவங்காடியிலிருந்து கிள்ளிப்பாலம் வரை விடிகாலையில் நின்றால் எல்லாத் தலைமுறையையும் ஒரே வரிசையில் பார்க்கலாம். வீட்டு உபயோகத்துக்கு, வெள்ளை நம்பர் பலகையோடு, நான்கு கதவும் பின்னால் திறந்த தொட்டியுமாக ஒரு பிக்கப்பை வாங்கலாம் என்ற ஆசையை நம்மவர்களுக்குப் பெரிய அளவில் மூட்டியது 2016-ல் வந்த இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. விலையைப் பார்த்து நான் வி-கிராஸோடு நின்றுகொண்டேன். 1.9 லிட்டர் டீசல், 163 குதிரைத்திறன், ஃபோர் வீல் டிரைவ், நீளம் 5.3 மீட்டர். கோட்டைக்குள் இருக்கும் அக்ரகாரத் தெருக்களில் இந்த நீளத்தைத் திருப்புவது தனிப் பதிவுக்கான விஷயம். எதிரே ஒரு ஆட்டோ வந்தால் இருவரில் ஒருவர் பெரிய மனது பண்ண வேண்டும். பெரும்பாலும் அது ஆட்டோக்காரராக இருப்பதில்லை.

வண்டி எதற்கு என்றால், குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. ஷீட் ஏற்ற வேண்டும், உரம் கொண்டுபோக வேண்டும், பால்வெட்டுக்காரர்களுக்கு வேண்டியதை வாங்கிப் போட வேண்டும். வழி இப்படி: கோட்டையிலிருந்து ஈஞ்சக்கல், அங்கே பைபாஸ் ஏறினால் கோவளம், முக்கோலை, காரோடு. பிறகு களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம். இதுவரை எல்லாமே தார், நடுவில் முக்கோலையிலிருந்து காரோடு வரை மட்டும் கான்கிரீட். அதற்கப்புறம் தோட்டத்துக்குள் போகும் கடைசித் துண்டு செம்மண் ஏற்றம். வெயில் காலத்தில் ஏஸ் கூட ஏறும். மழை பெய்தால் மேலே ஒரு விரல் கனத்துக்குக் களிம்புபோலக் குழம்பும் மண், அடியில் இறுகிய வெட்டுக்கல். அந்த வழுக்கலில் கம்பெனி டயரின் மெல்லிய பள்ளங்களில் மண் அடைத்துக்கொண்டால், சக்கரம் சவரம் செய்த கன்னம் போல வழவழவென்று ஆகிவிடும். ஃபோர் வீல் டிரைவ் போட்டாலும் நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்கும், அவ்வளவுதான். என்ஜின் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ரோட்டைத் தொடுவது உள்ளங்கை அகலத்து நான்கு ரப்பர் துண்டுகள்தான் என்பதை அந்த ஏற்றம் ஒவ்வொரு இடவப்பாதியிலும் நினைவூட்டும்.

கம்பெனி கொடுத்தது ஹைவே டெரெய்ன், சுருக்கமாக எச்.டி. சத்தம் குறைவு, டீசல் குறைவாகக் குடிக்கும், நனைந்த தாரில் நல்ல பிடி. மறு ஓரத்தில் மட் டெரெய்ன், எம்.டி.: பெரிய பெரிய கட்டைகள், நடுவே அகல இடைவெளி. சேற்றுக்கு ராஜா; தாரில் விமானம் கிளம்புகிற சத்தம், மழையில் பிரேக் பிடித்தால் நெஞ்சு படபடக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஆல் டெரெய்ன், ஏ.டி. ரேடியல் ஏ.டி. டயருக்கு வழி திறந்தது அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச், 1976-ல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பாஹா பாலைவனப் பந்தயங்களில் ஓட்டிப் பேர் வாங்கிய டயர் அது. பாலைவனத்தில் பிறந்த சரக்கை இடவப்பாதி, துலாவர்ஷம் என்று வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கும் ஊரில் மாட்டுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. நான் இந்தப் பதிவில் சொல்ல வருவதே அதுதான்: திருவனந்தபுரத்தில் ஏ.டி. டயர் தேர்ந்தெடுக்கிறவன் முதலில் பார்க்க வேண்டியது சேற்றை அல்ல, நனைந்த தாரை. சேறு ஓட்டத்தில் ஒரு சிறு துண்டு. மழைத் தார் மீதி முழுக்க.

ஏ.டி. டயரின் கட்டைகள் எச்.டி.யைவிடப் பெரியவை, பள்ளம் ஆழமானது. எச்.டி.யில் புதிதாக இருக்கும்போது சுமார் 8 மில்லிமீட்டர் என்றால் ஏ.டி.யில் 10 முதல் 12 வரை போகும். ஆழம் அதிகம் என்றால் தண்ணீரை வெளியேற்ற இடம் அதிகம். அதனால் மழையிலும் இதுதான் நல்லது என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. ரோட்டில் தேங்கிய தண்ணீரை வெளியே தள்ள ஆழம் உதவும். ஆனால் லேசாக நனைந்த தாரில் பிரேக் பிடிக்கும்போது வேண்டியது ரோட்டைத் தொடும் ரப்பரின் பரப்பும் அதன் மென்மையும். கட்டைகளுக்கு நடுவே இடைவெளி கூடக் கூட அந்தப் பரப்பு குறையும். கல்லில் கிழியாதபடி கெட்டியான ரப்பர் கலவை போட்டிருந்தால் பிடி இன்னும் குறையும். இதை ஈடுகட்டத்தான் நல்ல ஏ.டி. டயர்களில் ஒவ்வொரு கட்டையிலும் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் வைக்கிறார்கள். அந்த வெட்டுகளின் விளிம்புகள் ஈரத்தைத் துடைத்துப் பிடிக்கும். கடையில் டயரைப் பார்க்கும்போது ஓரத்துப் பல்லையும் வெள்ளை எழுத்தையும் பார்த்து மயங்காமல் இந்த வெட்டுகளைப் பாருங்கள். எத்தனை இருக்கின்றன, எவ்வளவு ஆழம் போகின்றன? பாதி தேய்ந்ததும் மறைந்துவிடும் மேலோட்டமான வெட்டு என்றால் இரண்டாவது மழைக்காலத்தில் அந்த டயர் வேறு டயர்.

தேங்கிய தண்ணீர் என்றதும் நம்மூர்க்காரர்களுக்குத் தம்பானூரும் கிழக்கேகோட்டையும் நினைவுக்கு வரும். அரை மணி நேரம் கொட்டினால் பஸ் ஸ்டாண்டு முன்னால் முழங்கால் தண்ணீர் நின்ற காலம் உண்டு. 2015-ல் ஆபரேஷன் அனந்தா என்று பேர் வைத்து, ஆக்கிரமிப்புகளை அகற்றி ஓடைகளைத் தோண்டியபிறகு கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் நகரத்துக்குள் 20 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைக் கடப்பதில் டயருக்குப் பெரிய சோதனை கிடையாது. சோதனை பைபாஸில். 80, 90-ல் போகும்போது ரோட்டில் ஒரு தண்ணீர்ப் படலம் வந்தால் டயர் அதன்மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டீயரிங் சட்டென்று லேசாகிவிடும். 1960-களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் என்பவர் விமான டயர்களை வைத்து இதைச் சோதித்து ஒரு எளிய கணக்குச் சொன்னார்: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் டயர் மிதக்கும் வேகம் மணிக்கு இத்தனை நாட்டிக்கல் மைல் என்று கிடைக்கும். 35 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் சுமார் 98 கிலோமீட்டர் வேகம். 22 பி.எஸ்.ஐ. என்றால் 78-தான். கார் டயருக்கு இது உத்தேசக் கணக்கு. பள்ளம் நன்றாக இருந்தால் கொஞ்சம் கூடும், மொட்டை டயர் என்றால் இதற்கும் கீழே.

இது ஏன் பிக்கப்காரனுக்கு முக்கியம்? தோட்டத்து ஏற்றத்தில் ஏறக் காற்றைக் குறைப்போம். 22, 24 வரை இறக்கினால் டயர் பரந்து உட்கார்ந்து செம்மண்ணை நன்றாகப் பிடிக்கும். நல்ல வழக்கம்தான். ஆனால் திரும்பி வரும்போது "குலசேகரத்தில் பங்க் மூடியிருந்தது, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று அதே காற்றோடு பைபாஸ் ஏறினால், மழையில் மிதக்கும் வேகம் 20 கிலோமீட்டர் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். பாரம் இல்லாத பிக்கப்பின் பின்பக்கம் வேறு லேசாக இருக்கும். பட்டை ஸ்பிரிங் துள்ளும். ஏ.டி. டயரில் செலவு செய்கிறவர்கள் கூடவே பேட்டரியில் ஓடும் நல்ல காற்றுப் பம்பு ஒன்றும் வாங்கிக்கொள்ள வேண்டும். டயரின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

அடுத்தது அளவு. டயர் கடைக்காரர்களின் செல்லப் பல்லவி இது: "ஒரு சைஸ் கூட்டிக்கலாம் சார், வண்டி நின்னாலே கெத்தா இருக்கும்." என் வண்டியில் வந்தது 255/60 ஆர் 18. அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 18 அங்குலம். கூட்டிக் கழித்தால் மொத்த விட்டம் 763 மில்லிமீட்டர். கடைக்காரர் சொல்லும் 265/60 ஆர் 18 என்றால் 775. வித்தியாசம் 12 மில்லிமீட்டர். வண்டி உயர்வது அதில் பாதி, அதாவது 6. ஆறு மில்லிமீட்டர் உயரத்துக்காகச் சக்கரம் கனமாகி, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது உள்ளே உரசுமா என்று பார்த்து, ஸ்பீடோமீட்டர் ஒன்றரை சதவீதம் குறைத்துக் காட்டுவதையும் ஏற்று... எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

அதோடு நாம் இருப்பது கேரளத்தில். வண்டியில் மாற்றம் செய்வது பற்றி இந்த மாநிலத்தின் மோட்டார் வாகனத் துறைக்கு இருக்கும் கண்டிப்பு மற்ற இடங்களில் குறைவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன தீர்ப்பே கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று அதில் தெளிவாகிவிட்டது. அதே வருடம் சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று எழுதிவைத்தார்கள். 2021 ஆகஸ்டில் ஈ-புல்-ஜெட் என்ற யூடியூப் சகோதரர்களின் டிராவலர் வண்டியைக் கண்ணூரில் பிடித்து வைத்தபோது மாநிலமே இதைப் பற்றிப் பேசியது. தேய்ந்த டயருக்குப் பதில் அதே அளவில் வேறு டயர் மாட்டுவதை யாரும் மாற்றம் என்று சொல்வதில்லை, அது பராமரிப்பு. ஆனால் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் சக்கரம் தூரத்திலிருந்தே கண்ணை உறுத்தும். செக்கிங்கில் நிறுத்தியவரிடம் "சாரே, ஆறு மில்லிமீட்டர்தானே" என்று மலையாளத்தில் வாதாடும் தெம்பு எனக்கில்லை. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கும் அது ஒரு பிடி.

ஆக, கம்பெனி அளவுதான் என்று முடிவானது. இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: அளவுக்குப் பின்னால் வரும் எண். 255/60 ஆர் 18 அளவிலேயே 108 என்றும் வரும், 112 என்றும் வரும். இது ஒரு டயர் தாங்கும் எடையின் குறியீடு. 108 என்றால் 1,000 கிலோ. 112 என்றால் 1,120 கிலோ. எஸ்.யூ.வி.க்காகச் செய்த 108 டயர் கொஞ்சம் விலை குறைவாகக் கிடைக்கலாம், பார்வைக்கு ஒன்றேதான் இருக்கும். என் வண்டியில் வந்தது 112. பின்னால் ஷீட்டும் உரமும் ஏற்றுகிற வண்டியில் அதற்குக் கீழே போவது அசட்டுத்தனம். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து வேகத்துக்கானது: எஸ் என்றால் 180, டி என்றால் 190. வி-கிராஸில் அந்த வேகத்தை நான் பார்க்கப் போவதில்லை. பக்கச் சுவரில் மலைக்குள் பனிப்பூ படம் போட்டிருந்தால் அது பனிக்காலச் சோதனையில் தேறியது என்று அர்த்தம். பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனி உண்டு, உறைபனி கிடையாது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் கட்டாயம்.

எந்த பிராண்ட்? எம்.ஆர்.எஃப். வாண்டரர், அப்பல்லோ ஆப்டெரா, யோகோஹாமா ஜியோலாண்டர், மேக்ஸிஸ், பி.எஃப்.குட்ரிச் என்று பேர்கள் வரிசையாக வரும். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபிறகு வெளிநாட்டுச் சரக்கு நினைத்த அளவில் நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. விலையும் அதற்கேற்ப. உத்தேசமாக நான்கு டயருக்கு ஐம்பதாயிரத்தில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டியும் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நம் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் ஆறுதல். பழைய ரசீதைக் காட்டி விலை சொல்லும் கடையில் இதை ஞாபகப்படுத்துங்கள்.

நான் உள்நாட்டு டயர்தான் போட்டேன். தேசபக்தி எல்லாம் பெரிதாக இல்லை. மூன்று வருடம் கழித்து ஒரு டயர் கிழிந்தால் அதே டயர் மார்த்தாண்டத்திலும் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் டயர் என்று பேச்சு வந்தால் திருவிதாங்கூர்க்காரனுக்கு ஒரு பழங்கதை சொல்லாமல் இருக்க முடியாது. 1938-ல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் இந்த ஊரிலிருந்து ஆண்டபோது திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி வீழ்ந்தது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர், மலையாள மனோரமாவின் ஆசிரியராகவும் இருந்த கே.சி. மாம்மன் மாப்பிள்ளை. பத்திரிகை மூடப்பட்டது, அவர் சிறைக்குப் போனார், குடும்பத்தின் சொத்து கரைந்தது. அவருடைய மகன் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் சென்னையில், திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டுப் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் ரீட்ரெட் செய்வதற்கான ட்ரெட் ரப்பர். 1961-ல் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்ட் கம்பெனியின் கூட்டோடு டயர். அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, எம்.ஆர்.எஃப். திவான் வங்கியை விட்டுவைத்திருந்தால் அந்த வீட்டுப் பிள்ளை வங்கியிலேயே உட்கார்ந்திருப்பாரோ என்னவோ. அப்பல்லோவின் முதல் ஆலையும் 1977-ல் திருச்சூர் மாவட்டத்துப் பேராம்பிராவில்தான் தொடங்கியது. கோட்டயத்தில் ரப்பர் வாரியம், குமரி மாவட்டத்தில் கல்குளம் விளவங்கோடு மலையடிவாரங்களில் தோட்டங்கள். மரம் இங்கே, பால் இங்கே. ஷீட் விலை மட்டும் எங்கோ தீர்மானமாகிறது. கிலோவுக்கு இருபது ரூபாய் இறங்கினால் பால்வெட்டு நின்றுவிடும் தோட்டங்கள் உண்டு. டயர் விலை அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை. இந்த எரிச்சலைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மாட்டும் வேலைக்கு வருவோம். அட்டக்குளங்கரையிலிருந்து ஈஞ்சக்கல் வரை டயர் கடைகள் உண்டு. காலையில் போவது நல்லது. மதியத்துக்குமேல் கூட்டம் வந்துவிட்டால் அலைன்மென்டை அவசரத்தில் முடிப்பார்கள். முதல் வேலை, டயரைச் சக்கரத்தில் ஏற்றும் முன்னால் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்ப்பது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 1425 என்றால் 2025-ன் பதினான்காவது வாரம். நான்கும் ஏறக்குறைய ஒரே காலத்துச் சரக்காக இருக்க வேண்டும். எனக்கு முதலில் எடுத்துவந்த நான்கில் ஒன்று மற்றவற்றைவிட ஒன்றரை வருடம் மூத்தது. "ஒண்ணும் பிரச்னையில்ல சார், ஏசியிலதான் வச்சிருந்தோம்" என்றார் கடைப் பையன். மாற்றித் தரச் சொன்னேன், மாற்றினார்கள். சண்டை போட வேண்டியதில்லை, கேட்டால் போதும். கேட்காதவனுக்குத்தான் அந்த டயர் போகும்.

புது டயரில் மஞ்சள் புள்ளி ஒன்று, சிவப்புப் புள்ளி ஒன்று இருக்கும். மஞ்சள் இருக்கும் இடம் டயரின் லேசான பக்கம். அதை வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக வைத்து ஏற்றினால் பேலன்சிங்குக்கு ஈயத் துண்டு குறைவாகப் போதும். கடையில் இதைத் தெரிந்து செய்கிற ஆள் இருந்தால் அந்தக் கடையை விடாதீர்கள். எனக்கு வாய்த்தவர் தென்காசிக்காரர், பதினாறு வயதில் லாரி டயரில் கை வைத்தவராம். நான் வாயைத் திறக்கும் முன்பே புள்ளியைத் தேடித் திருப்பினார். "அண்ணே, ஸ்டெப்னியும் மாத்துதீங்கள்லா?" என்று அவர்தான் கேட்டார். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இது முக்கியம். நான்கு சக்கரமும் ஒரே சுற்றளவில் சுழல வேண்டும். அவசரத்துக்கு மாட்டிய ஸ்டெப்னி வேறு வகையாக, வேறு தேய்மானத்தில் இருந்தால் ஃபோர் வீலில் போடும்போது கியர்களுக்குத் தேவையில்லாத இழுபறி. வண்டிக்கு அடியில் தொங்கும் அந்த ஐந்தாவதையும் சேர்த்து வாங்கி, ரொட்டேஷனில் அதையும் சுழற்றினால் ஐந்தும் ஒன்றாக மூப்படையும். செலவு கூடத்தான். ஆனால் நான்கு மட்டும் வாங்குவது பாதி வேலை.

நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் டர்ர்ர் என்று இறுக்கி முடிப்பது எல்லாக் கடையிலும் வழக்கம். அப்படி இறுக்கிய நட்டைத் தோட்டத்து வழியில், மழையில், வண்டியில் வரும் சின்ன ஸ்பேனரால் கழற்றிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடைசி இறுக்கம் டார்க் ஸ்பேனரால், கையால். அம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபிறகு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

கழற்றிய டயர்கள்? புதிதுபோலவே இருக்கும்போது கொடுத்தால்தான் ஏதோ கொஞ்சம் காசு. கடைக்காரர் சொன்ன விலை சித்தப்பாவின் ரத்த அழுத்தத்துக்கு நல்லதில்லை என்பதால் இங்கே எழுதவில்லை. வேறொரு வி-கிராஸ்காரருக்கு நேரடியாக விற்றேன். அவர் தார் ரோட்டை விட்டு இறங்காத மனிதர், அந்த டயர் அவருக்குத்தான் பொருத்தம்.

ஓட்டிப் பார்த்ததைச் சொல்கிறேன். நகரத்துக்குள் வித்தியாசமே தெரியவில்லை. பைபாஸின் தார்ப் பகுதியில் 70-க்கு மேல் மெல்லிய ரீங்காரம். முக்கோலையில் கான்கிரீட் தொடங்கியதும் அது இரட்டிப்பாகிறது. பாட்டின் ஒலியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. மைலேஜ் குறைந்தது உண்மை. ஒவ்வொரு சக்கரமும் சில கிலோ கூடுதல் கனம், உருள்வதில் கூடுதல் தடை. லிட்டருக்கு அரை கிலோமீட்டருக்குமேல் போகிறது. பிரேக் பெடல் தன் பழைய சுபாவத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது, நனைந்த ரோட்டில் முன்வண்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி ஓட்டுகிறேன். தோட்டத்து ஏற்றத்தில் மட்டும், சொல்லவே வேண்டாம், டூ வீலில் திணறிய இடத்தை ஃபோர் வீலில் அலட்டாமல் ஏறுகிறது. கட்டைகளுக்கு நடுவே சேறு தங்காமல் தெறித்து விழுகிறது, பின்கதவு முழுக்கச் செம்மண் கோலம். கூர்மையான வெட்டுக்கல்லில் பக்கச் சுவர் கிழியுமோ என்ற பயமும் குறைந்திருக்கிறது. கூழாங்கல் பள்ளத்தில் சிக்கி டிக் டிக் என்று ஊர்வரை கூட வருவது மட்டும் புதுத் தொல்லை. திருப்புளியால் நெம்பி எடுக்க வேண்டும்.

அப்படியானால் சித்தப்பாவின் கேள்விக்குப் பதில்? வாரம் ஒருமுறையாவது மண் ரோட்டில் பாரத்தோடு ஏறி இறங்குகிற வண்டிக்கு ஏ.டி. டயர் செலவு இல்லை, கருவி. போனக்காடு, பொன்முடி என்று வருடத்தில் இரண்டு மூன்று தடவை சுற்றப் போகிறவர்களுக்கு கம்பெனி டயரே தாராளம். பொன்முடிக்குப் போவது தார் ரோட்டில்தான். அந்த டயர் தேயும்வரை ஓட்டுங்கள். தேய்ந்தபிறகும் மண்ணாசை மிச்சமிருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். பத்மநாபசுவாமி கோயில் முன்னால் நிறுத்திப் படம் எடுக்க மட்டும் ஏ.டி. போடுகிறவர்கள் அந்தக் காசில் நல்ல வைப்பரும் ஒரு காற்றுப் பம்பும் வாங்கினால் குடும்பத்துக்கு உபயோகம்.

மாட்டத்தான் போகிறீர்கள் என்றால்: கம்பெனி அளவிலேயே போடுங்கள், எடைக் குறியீட்டைக் குறைக்காதீர்கள், ஐந்தாக வாங்குங்கள். புது ரப்பரின் மேல்பூச்சு போகும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டர், மழை ரோட்டில் அடக்கி ஓட்டுங்கள். கேரளப் பதிவு பிக்கப்பில் பெரிய அளவு டயர் போட்டு ஃபிட்னஸுக்குப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். பெயர் சொல்ல வேண்டாம், அளவு மட்டும் சொன்னால் போதும்.